பழங்குடிக் கலைஞர்களோடு கண்காட்சி வைக்க நினைக்கிறீர்களா? பாண்டியிலிருந்து சில படிகள்

ஹால் பார்ப்பதற்கு முன்னால், கலைஞரைத் தேடிப் போவதற்கும் முன்னால், ஒரு நாள் மியூசியத்துக்குப் போய் லேபிள்களை மட்டும் படித்துவிட்டு வாருங்கள். பொருளைப் பிறகு பார்க்கலாம், அன்றைக்கு லேபிள் போதும். பாண்டிக்காரர் என்றால் செயின்ட் லூயி தெருவில் பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் அருங்காட்சியகம், கடலூர்க்காரர் என்றால் உங்கள் ஊர் அரசு அருங்காட்சியகம், சென்னையில் வேலை இருந்தால் எழும்பூர். ஒரு நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள். செய்தவர் பெயர் இருக்கிறதா, செய்த ஆண்டு இருக்கிறதா, அந்தப் பொருள் யார் கையிலிருந்து எப்படி இங்கே வந்தது என்று எழுதியிருக்கிறதா. ஒவ்வொரு லேபிளுக்கும் டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். ராஜாவுக்கும் கவர்னருக்கும் தோண்டி எடுத்த அதிகாரிக்கும் பெரும்பாலும் பெயர் இருக்கும். கூடை முடைந்தவருக்கும் வலை பின்னியவருக்கும் பானை வனைந்தவருக்கும் அநேகமாக ஒரு சாதிப்பெயரோ இனப்பெயரோதான் இருக்கும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது முழுக்க அந்த மூன்று பத்தியைப் பற்றித்தான். காலனி ஆட்சி மியூசியத்தில் எதை விட்டுவிட்டுப் போனது என்று கேட்டால் எல்லோரும் திருடிய சிலைகளைப் பற்றிப் பேசுவார்கள். சரி, அதுவும் உண்டு. ஆனால் நாம் புதிதாக வைக்கும் கண்காட்சியிலும், நல்ல மனசோடு வைக்கும் கண்காட்சியிலும், வெள்ளைக்காரன் எழுதிய அதே மாதிரி லேபிளை நாமே எழுதி ஒட்டிவிடுகிறோம். நான் என் முதல் கண்காட்சியில் எழுதினேன். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே தோண்டினார், அடுத்த ஆண்டே 'இந்திய-ரோம வணிக நிலையம்' என்று தலைப்பு வைத்து அறிக்கை வெளியிட்டார். மணி செய்தவர்களும் பானை செய்தவர்களும் வாழ்ந்த ஊர், அந்தத் தலைப்பில் ரோமாபுரிக்காரன் வந்து இறங்கிய ஸ்டேஷன் ஆகிவிட்டது. பின்னால் 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி தோண்டியபோது, ரோம வணிகம் வருவதற்கு முன்பே அங்கே ஆட்கள் இருந்தார்கள், வணிகம் நின்ற பிறகும் இருந்தார்கள் என்று தெளிவானது. ஆனால் அரிக்கமேடு என்றதும் இன்றும் நம் வாயில் முதலில் வருவது ரோம். ஒரு தலைப்பு எத்தனை ஆண்டு நிற்கும் என்பதற்கு இது போதும்.

கடலூரில் இதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற கதை இருக்கிறது. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். குண்டு கிராமங்கள் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அந்த ஊர்களில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. மியூசியத்துக்குப் பொருள் சேர்த்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான், கை எட்டின தூரம் வரை எல்லாம் நம்முடையது. எழும்பூர் மியூசியத்தில் 1885 முதல் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்திய மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். 1909-இல் ஏழு தொகுதிகளாக சாதிகளையும் பழங்குடிகளையும் அகரவரிசையில் அடுக்கி வெளியிட்டார். இன்றும் ஒரு சமூகத்தைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால் பலரும் முதலில் புரட்டுவது அதைத்தான். நீங்கள் புரட்டாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், புரட்டுங்கள். ஆனால் சுவரில் ஒட்டப்போகும் வரி அங்கிருந்து வரக்கூடாது.

யாரோடு வேலை செய்யப் போகிறீர்கள்?

'பழங்குடிக் கலை' என்று ஒரு மூட்டையாகக் கட்டாதீர்கள். நீலகிரியில் தோடர் பூத்தையல் வேறு, குறும்பர் ஓவியம் வேறு, நம் பக்கத்து இருளர் பிள்ளைகள் செல்போனில் எடுக்கும் படம் வேறு. வில்லியனூர் சுடுமண் வேலையைப் பழங்குடிக் கலை என்று போட்டு ஒரு அழைப்பிதழ் பார்த்தேன், அது தப்பு. வில்லியனூரில் செய்பவர்கள் பரம்பரையாக மண்ணில் வேலை செய்யும் கைவினைஞர்கள். அந்த ஊர்க் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்களுக்கும் அருங்காட்சியகங்களில் பெயர் கிடைக்காத குறை உண்டு, ஆனால் அது வேறு பேச்சு, வேறு கண்காட்சி.

இருளர் என்று முடிவு செய்தால் இந்த ஊரில் அவர்கள் நிலைமை என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இருளர் பட்டியல் பழங்குடி, அதிலும் மிகவும் நலிந்தவர்கள் என்று ஒன்றிய அரசு அந்த மாநிலத்தில் வைத்திருக்கும் ஆறு சமூகங்களில் ஒன்று. அதே இருளர், ஒரு எல்லைக்கல் தாண்டி புதுச்சேரிக்குள் இருந்தால், 2016 வரைக்கும் பழங்குடியே இல்லை. புதுச்சேரிக்கென்று பழங்குடிப் பட்டியலே இல்லாததால் 2011 கணக்கெடுப்பில் இங்கே பழங்குடியினர் எண்ணிக்கை பூஜ்யம். 2016 டிசம்பரில்தான் வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களையும் சேர்த்து இருளரைப் பட்டியலில் போட்டார்கள். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், நீங்கள் போய் நிற்கும் குடியிருப்பில் சாதிச் சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் இருப்பார்கள். 'நீங்கள் யார், உங்கள் பழக்கவழக்கம் என்ன' என்று அதிகாரிகள் கேட்ட கேள்வியையே நீங்களும் நோட்டோடு போய்க் கேட்டால், உங்களையும் இன்னொரு தாசில்தார் ஆபீஸ் ஆள் என்றுதான் நினைப்பார்கள்.

போவது, உட்காருவது

குறைந்தது ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வருடம் என்றால் நல்லது. முதல் நாலு தடவை கேமரா வேண்டாம். சவுக்கு வெட்டு, செங்கல் சூளை, கழிமுகத்தில் இறால் தடவுவது என்று பலரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள், காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்று போட்டால் அன்றைய கூலி போச்சு. ஒன்று, மாலை ஏழு மணிக்குப் பிறகு போங்கள். இல்லையென்றால் அன்றைய கூலியைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். இதை உதவி மாதிரிக் கொடுக்காதீர்கள், உங்கள் பட்ஜெட்டில் ஹால் வாடகைக்கு மேலே முதல் வரியாக எழுதிவிடுங்கள்.

போனதும் 'உங்கள் பாரம்பரியக் கலை என்ன' என்று கேட்காதீர்கள். 'இப்போ யார் எதையாவது வரைகிறார்கள், எழுதுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள்?' என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். முதல் கேள்வி கேட்டால் ஒரு பெரியவர் வந்து பழைய பாட்டு ஒன்று பாடுவார், அருமையாகவும் இருக்கும், ஆனால் நீங்கள் எதிர்பார்த்ததைத்தான் அவர் கொடுத்திருப்பார். இரண்டாவது கேள்விக்குத்தான் எங்களுக்கு ஒரு பையன் கிடைத்தான். சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைக் கிழித்து அதில் அடுப்புக்கரியாலும் சாக்பீஸாலும் சூளையை வரைந்துகொண்டிருந்தான். பாம்பும் இல்லை, காடும் இல்லை. சூளை, லாரி, மேஸ்திரியின் பைக், ராத்திரி.

சமகாலக் கலை என்று சொல்லிவிட்டு, வரைகிறவர் மட்டும் நூறு வருடத்துக்கு முந்தியே நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. போபாலில் 1982-இல் பாரத் பவன் திறந்தபோது ஓவியர் ஜே. சுவாமிநாதன் இந்தப் பழக்கத்தை உடைத்தார். நகரத்து ஓவியர்களின் படங்களையும் ஆதிவாசிக் கலைஞர்களின் படங்களையும் ஒரே கூரைக்குக் கீழே சமமாக வைத்தார். அந்தக் கட்டடம் கட்டும் இடத்தில் சித்தாள் வேலை பார்த்த பீல் பழங்குடிப் பெண் பூரி பாயை வரையச் சொன்னதும் அவர்தான், 2021-இல் பூரி பாய்க்குப் பத்மஸ்ரீ வந்தது. ஜங்கர் சிங் ஷியாம் என்ற கோண்டுக் கலைஞரும் அங்கேதான் வெளிச்சத்துக்கு வந்தார். 1989-இல் பாரிஸின் பொம்பிடு மையக் காட்சி வரைக்கும் அவர் படங்கள் போயின, ஆனால் 2001-இல் ஜப்பானில் ஒரு மியூசியத்துக்காகத் தங்கி வரைந்துகொண்டிருந்த இடத்திலேயே உயிரை விட்டார். புகழ் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் அந்த இரண்டாவது பாதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். கலைஞரை எங்காவது அனுப்புகிறீர்கள் என்றால், கூடப் பேச ஒரு ஆள், திரும்பி வர கையில் டிக்கெட், நினைத்த நேரம் வீட்டுக்குப் போன் இந்த மூன்றும் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

எதைக் காட்டக்கூடாது என்று கேளுங்கள்

இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் பாப்புன்யா என்ற இடத்தில் 1971, 72 வாக்கில் பழங்குடி ஆண்கள் பலகையில் வண்ணம் தீட்டத் தொடங்கினார்கள். ஆரம்பப் பலகைகள் சிலவற்றில், சடங்கு முடித்த ஆண்கள் மட்டுமே பார்க்கலாம் என்ற அடையாளங்கள் வந்துவிட்டன. அவர்கள் சமூகத்துக்குள்ளேயே பெரிய சச்சரவு ஆனது, பிறகு வரைந்தவர்கள் அவற்றைப் புள்ளிகளாலும் வேறு வகையிலும் மறைத்து வரைய ஆரம்பித்தார்கள். அந்தப் பழைய பலகைகளில் சிலவற்றை மியூசியங்கள் இன்றைக்கும் பொதுவில் காட்டுவதில்லை. ஒரு தடவை காட்டிவிட்டால் பார்த்த கண்ணிலிருந்து திரும்ப வாங்க முடியாது, அதனால் முன்னாலேயே கேட்க வேண்டும்.

நம் பக்கம் இருளர்கள் கும்பிடும் கன்னியம்மன். மாசி மகத்துக்கு இந்த மாவட்டங்களின் இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்த் துணிக்கூடாரம் போட்டுத் தங்கி, அம்மனைக் கும்பிட்டு, கல்யாணமும் அங்கேயே முடித்துவிட்டு வருவார்கள். எங்கள் இரண்டாவது கண்காட்சிக்கு அந்த மணல் வழிபாட்டை அப்படியே ஹாலில் ஒரு மூலையில் அமைத்துவிடலாம் என்று எனக்கு ஒரு ஆசை. பையன்கள் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவனின் பாட்டி மட்டும் கேட்டார்: "கடலு இல்லாம எப்படிப்பா? அவ கடலுல இருந்துல்ல வர்றா?" அத்தோடு அது முடிந்தது. அந்த மூலையைக் காலியாக விட்டு, 'இங்கே ஒன்று வைக்கலாமா என்று கேட்டோம், வேண்டாம் என்றார்கள்' என்று மட்டும் எழுதினோம். வந்தவர்களில் பலர் நின்று பேசியது அந்த மூலையில்தான்.

இன்னொன்று, பையன்கள் சரி என்றார்கள், பாட்டி வேண்டாம் என்றார். ஆகவே ஒருத்தர் சம்மதம் வாங்கினால் போதாது. வரைந்தவர் சம்மதம் தனி, குடும்பத்தில் மூத்தவர்கள் சம்மதம் தனி, சாமி, சாவு, சடங்கு தொடர்பானது என்றால் குடியிருப்பில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது தனி. பேசியதை அவர்கள் அனுமதியோடு செல்போனில் பதிவு செய்து ஒரு பிரதி அவர்களிடமும் கொடுங்கள். இடையில் மனசு மாறினால், திறப்பு விழா காலையிலேயே மாறினாலும், படத்தை இறக்கிவிட வேண்டும். இறக்கியிருக்கிறோம். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

நியூசிலாந்து மாவோரி மக்களின் கலைப்பொருட்கள் 1984-இல் நியூயார்க் போனபோது, அந்தந்தக் குலத்துப் பெரியவர்களிடம் ஒப்புதல் கேட்டுத்தான் எடுத்துப் போனார்கள். பெரியவர்கள் கூடவே போய் விடியற்காலையில் தங்கள் முறைப்படி வாசலைத் திறந்துவைத்தார்கள். அதற்கு முன்பும் அந்தப் பொருட்கள் மியூசியங்களில் இருந்தவைதான், ஆனால் இவை எங்கள் பாட்டன் பாட்டிகள் என்று சொல்வதற்கு ஆள் பக்கத்தில் நின்றது அப்போதுதான். அமெரிக்காவில் இது சட்டமாகவே வந்துவிட்டது. 2024 ஜனவரியில் புது விதிகள் நடைமுறைக்கு வந்து, பழங்குடியினரின் ஒப்புதல் இல்லாமல் சில பொருட்களைக் காட்டக்கூடாது என்றதும், நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டு பெரிய கூடங்களையே மூடியது. நம் நாட்டில் அப்படிச் சட்டம் வருகிறவரை காத்திருக்க வேண்டியதில்லை, கேட்பதற்குச் சட்டம் எதற்கு?

காசும் காகிதமும்

இரண்டு பக்கத்துக்கு மேல் ஒப்பந்தம் வேண்டாம், தமிழில் எழுதுங்கள், சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், ஒரு வாரம் கழித்துக் கையெழுத்து வாங்குங்கள். அந்த ஒரு வாரம் ரொம்ப முக்கியம். முன்பணம் வாங்கிக்கொண்டு கைநாட்டு வைத்த அன்றே கொத்தடிமையாக மாட்டிக்கொண்டவர்களின் பிள்ளைகள் இவர்கள், கையெழுத்து என்றாலே பயம் இருக்கும், அந்தப் பயம் நியாயமானது.

என்ன எழுத வேண்டும்? படம் யாருக்குச் சொந்தம், எத்தனை நாள் உங்களிடம் இருக்கும், காட்சிக் கட்டணம் எவ்வளவு (விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுப்பது), விற்றால் யாருக்கு எவ்வளவு, போஸ்டரிலோ டீ சட்டையிலோ போட வேண்டுமானால் தனியாகக் கேட்பது. ஓவியத்தை ஒருவர் வாங்கிவிட்டால் அந்தத் தாள்தான் அவருக்குச் சொந்தம், காப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும், பிரதி எடுக்கத் தனி அனுமதி வேண்டும். வாங்கிய ரெசார்ட்டுக்காரர்கள் அதை மெனு கார்டில் அச்சடித்துவிட்டு, 'காசு கொடுத்தோமே' என்பார்கள். காப்புரிமைச் சட்டம் 57-ஆம் பிரிவின்படி, விற்ற பிறகும், உரிமையையே எழுதிக் கொடுத்த பிறகும்கூட, 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமையும் அதைச் சிதைத்தால் கேட்கும் உரிமையும் கலைஞரிடம் உண்டு. சிற்பி அமர்நாத் சேகல், டெல்லி விஞ்ஞான் பவன் சுவரிலிருந்து தன் வெண்கலப் படைப்பை அரசே பெயர்த்துச் சேதப்படுத்தியதற்காக வழக்குப் போட்டு, 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு, கூடவே படைப்பும் அவருக்கே. 53ஏ பிரிவு இன்னொரு உரிமையைத் தருகிறது. அசல் ஓவியம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் அதில் பத்து சதவீதம் வரை கலைஞருக்குப் பங்கு கேட்கலாம். நடைமுறையில் இதை யாரும் கொண்டுவந்து நீட்ட மாட்டார்கள், அதனால் விற்பனை ரசீதிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள், வாங்குகிறவர் கையெழுத்துப் போடட்டும்.

விற்பனையில் நாங்கள் எடுப்பது ஃப்ரேம் செலவு மட்டும். பெரிய கேலரிகள் பாதி எடுத்துக்கொள்வது உண்டு. உங்களால் முடியவில்லை என்றால் இருபது சதவீதம் எடுங்கள், ஆனால் என்னவென்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பணத்தைக் கலைஞர் கையில் கொடுங்கள், அல்லது அவர் சொந்தக் கணக்கில் போடுங்கள். நடுவில் தொண்டு நிறுவனம், தலைவர், அண்ணன் என்று யார் வந்தாலும் அவருக்குக் கணக்கின் நகல் காட்டலாம், பணம் அவர் வழியாகப் போகக்கூடாது.

இடமும் நாளும்

பாண்டியில் ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதற்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கருப்பு நகரம் என்று பிரெஞ்சுக்காரன் பிரித்தான். 1954-இல் நிர்வாகம் கைமாறி இத்தனை வருடம் ஆகியும், நல்ல விளக்கு வெளிச்சமும் வெள்ளைச் சுவரும் உள்ள காட்சிக்கூடங்களில் பலவும் வாய்க்காலுக்குக் கிழக்கேதான். அங்கே வைத்தால் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், படம் விற்கும், பத்திரிகையில் வரும். ஆனால் வரைந்தவரின் அம்மா அந்தத் தெருவுக்குள் வந்து, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசிப்பார். நான் அதைப் பார்த்தேன்.

அதற்காக வெள்ளை நகரமே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. இரண்டு இடத்தில் வையுங்கள், முதலில் குடியிருப்பில். மரத்தடியில் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப் போட்டு மாட்டினாலும் போதும். அங்கேதான் 'இது எங்க சித்தப்பா வண்டிடா', 'சூளை வாசல் இந்தப் பக்கம் இல்ல' என்று உண்மையான விமர்சனம் வரும். அதற்குப் பிறகு நகரத்துக்குக் கொண்டு போங்கள், ஊர்க்காரர்கள் வந்து போக வேனுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு.

நாள் பார்ப்பதில் ஒரு விஷயம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, புயல், வேண்டவே வேண்டாம். பொங்கலுக்குப் பிறகு மார்ச் வரை நல்ல காலம், ஆனால் நடுவில் மாசி மகம் வரும். நாங்கள் ஒரு வருடம் தெரியாமல் திறப்பு விழாவை அந்த வாரத்தில் வைத்துவிட்டோம். வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரிக் கூட்டம், ஊருக்குள் வண்டி நுழையவில்லை, அதைவிட முக்கியம், கலைஞர்கள் அத்தனை பேரும் மாமல்லபுரத்தில். அவர்கள் காலண்டரைக் கேட்காமல் நாள் குறித்தது என் தவறு.

கடல் காற்றையும் மறக்காதீர்கள். உப்புக் காற்றில் காகிதம் இரண்டு வாரத்தில் அலை அலையாக வளையும். கடல் பக்க ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடுங்கள், கரியால் வரைந்ததை லேமினேட் பண்ணிவிடாதீர்கள். மரத்தடியில் கிளிப் சரி, நகரத்து ஹாலிலும் சிமெண்ட் மூட்டைக் காகிதம் தானே என்று கிளிப் மாட்டி விட்டால் அதுவும் ஒரு தீர்ப்புதான். அடுத்த அறையில் கேன்வாஸ் படத்துக்கு என்ன ஃப்ரேமோ அதே தரத்தில் இதற்கும் போடுங்கள்.

லேபிள் எழுதுவது

என் முதல் கண்காட்சியில் நான் எழுதியது: 'இருளர் பழங்குடி ஓவியம். காகிதத்தில் கரி. கடலூர் மாவட்டம்.' அவ்வளவுதான். அந்த மூன்று பத்தி நோட்டில் போட்டுப் பார்த்தால் ஒரு டிக்கூட விழாது.

இப்போது எழுதுவது வேறு மாதிரி. முதல் வரி வரைந்தவர் பெயர், அவர் சொல்கிற எழுத்துக் கூட்டில். இரண்டாவது, படத்துக்கு அவர் வைத்த பெயர், அவர் பேச்சிலேயே. அந்தச் சூளைப் படத்துக்குப் பையன் வைத்த பெயர் 'அட்வான்ஸ் வாங்குன அன்னிக்கு ராத்திரி'. அதைத் திருத்தி 'முன்பணம் பெற்ற இரவு' என்று ஆக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார், கூடாது என்று விட்டுவிட்டேன். மூன்றாவது, ஆண்டு. ஆண்டு போடாவிட்டால் அந்தப் படம் 'என்றைக்குமே இப்படித்தான்' என்ற கணக்கில் சேர்ந்துவிடும், இனவரைவியல் மியூசியங்கள் செய்தது அதைத்தான். பிறகு பொருட்கள்: 'அடுப்புக்கரி, சாக்பீஸ், சிமெண்ட் மூட்டைக் காகிதம்'. கடைசியில் 'வரைந்தவருக்குச் சொந்தம், மூன்று மாதத்துக்குக் கடன் வாங்கியிருக்கிறோம்' என்று ஒரு வரி. இனப்பெயர் வேண்டுமா என்பதை அவரே சொல்லட்டும். சிலர் கட்டாயம் போடுங்கள் என்பார்கள், பெருமையோடு. சிலர், 'பக்கத்து அறைப் படத்துல அவரு என்ன சாதின்னு போட்டிருக்கா?' என்று கேட்பார்கள். இரண்டுமே சரி.

பெயர் போட வேண்டாம் என்றும் சொல்வார்கள். சூளை முதலாளி பார்த்துவிட்டால் வீட்டில் பிரச்சினை வரும். அப்போது 'பெயர் சொல்ல விரும்பவில்லை' என்று எழுதுங்கள். பெயர் தெரியாதவர் என்று எழுதுவதற்கும் இதற்கும் ரொம்ப வித்தியாசம், இதில் முடிவு அவருடையது. ஊர்ப் பெயரையும் அப்படியே கேட்டுப் போடுங்கள்.

தமிழ் மேலே, பெரிய எழுத்தில். பிரெஞ்சும் ஆங்கிலமும் வேண்டுமானால் கீழே. படிக்கத் தெரியாதவர்களுக்காக வரைந்தவர் குரலிலேயே ஒரு நிமிடம் பதிவு செய்து, பட்டன் போனில் போட்டுப் பக்கத்தில் தொங்கவிட்டோம், செலவு பெரிதாக இல்லை. ஒவ்வொரு லேபிளுக்குக் கீழேயும் ஒரு பென்சிலைக் கட்டிவிடுங்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம், திருத்தியது திருத்தியபடியே இருக்கட்டும்.

வைக்கும் வரிசைக்கும் அர்த்தம் உண்டு. 1992-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஃபிரெட் வில்சன் என்ற கலைஞர், ஒரு வரலாற்றுச் சங்கத்தின் கிடங்கிலேயே இருந்த பொருட்களை எடுத்து, பளபளக்கும் வெள்ளிக் கோப்பைகளுக்கு நடுவே அடிமைகளின் கால்விலங்கை வைத்து, 'உலோக வேலைப்பாடு, 1793-1880' என்று லேபிள் ஒட்டினார். லேபிளில் ஒரு பொய்யும் இல்லை. அதற்கு ஐந்து வருடம் முன்னால் ஜேம்ஸ் லூனா என்ற பழங்குடிக் கலைஞர் சான்டியாகோ மியூசியத்தின் கண்ணாடிப் பெட்டியில் தானே படுத்துக்கொண்டு, உடம்பிலிருந்த தழும்புகளுக்கு லேபிள் வைத்தார். வந்தவர்கள் சிலை என்று நினைத்துக் குனிந்து பார்த்திருக்கிறார்கள், மூச்சு விடுவது தெரிகிற வரைக்கும். இவற்றைக் காப்பியடிக்கச் சொல்லவில்லை. எதன் பக்கத்தில் எது இருக்கிறது என்பதே ஒரு வாக்கியம் என்று புரிந்துகொண்டால் போதும்.

பழைய போட்டோக்கள்

பழங்குடிகளைப் பற்றிக் காலனி காலத்தில் எடுத்த படங்களைப் பெரிதாக அச்சடித்து நுழைவாயிலில் ஒட்ட ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். அரை ஆடையோடு நிற்கவைத்து, பக்கவாட்டில் திருப்பி, அளவுகோல் வைத்து எடுத்த படங்கள் அவை. வேண்டும் என்றால் கலைஞர்களிடம் முதலில் காட்டுங்கள், அவர்கள் பயன்படுத்தினால் பயன்படுத்தட்டும். சுவரில் வந்தால் சின்னதாக, எடுத்தவர் பெயரோடு.

ஆனால் பழைய போட்டோ எல்லாமே அப்படி இல்லை. அதே செயின்ட் லூயி தெருவில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் இருக்கிறது, அதன் ஆவணக் காப்பகத்தில் தமிழ்நாட்டுக் கோயில்களின் படங்கள் ஏராளம். 1957-இல் ஒரு கோயிலில் எடுத்த திருமங்கையாழ்வார் செப்புச் சிலையின் படமும் அதில் உண்டு. அந்தச் சிலை 1967-இல் லண்டன் ஏலத்தில் விற்று, ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் மியூசியத்துக்குப் போய்விட்டது. போட்டோவை ஒப்பிட்டுப் பார்த்த ஒரு ஆய்வாளரால் விஷயம் வெளியே வந்து, 2024-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. எங்கே, எப்போது என்று ஒழுங்காக எழுதி வைத்ததால் வந்த பலன் இது. நீங்களும் உங்கள் கண்காட்சியில் ஒவ்வொரு படைப்பையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, தேதியும் சொந்தக்காரர் பெயரும் எழுதி, ஒரு பிரதி கலைஞர் வீட்டில், ஒரு பிரதி உங்களிடம் வையுங்கள்.

திறப்பு நாளும் அதற்குப் பிறகும்

மேடை போட்டால் கலைஞர்கள் மேடையில், மற்றவர்கள் கீழே. பொன்னாடைக்குச் செலவாகும் காசை வேன் வாடகையில் சேர்த்துவிடுங்கள். பத்திரிகைக்காரர்கள் கட்டாயம் பாம்பைப் பற்றிக் கேட்பார்கள். 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருளர்கள் இருவருக்கும் பாம்பு பிடிக்கும் அறிவுக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தது, அது பெரிய கௌரவம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சூளையை வரைந்த பையனிடம் பாம்பைப் பற்றிக் கேட்டால் அவன் வரைந்ததை யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒரு பக்கக் குறிப்பை முன்னாலேயே பத்திரிகைகளுக்குக் கொடுங்கள், அதில் கலைஞர்கள் பேச விரும்பும் விஷயங்களையும் பேச விரும்பாதவற்றையும் அவர்களே சொல்லியிருக்க வேண்டும்.

முடிந்த அன்றே படங்களை இறக்கிக் கிடங்கில் அடுக்கிவிட்டு மறந்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு இடத்தில் கொடுத்த எங்கள் பதினோரு படங்களில் இரண்டு இன்னும் வரவில்லை. அதனால் திருப்பிக் கொடுக்கும் தேதியை ஒப்பந்தத்திலேயே போட்டு, நீங்களே வண்டி பிடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். கூடவே விற்பனைக் கணக்கு ஒரு தாளில், மீதி எவ்வளவு என்பது உட்பட, எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டி, முப்பது நாளுக்குள். பென்சிலில் திருத்திய லேபிள்களையும் படத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், அடுத்த கண்காட்சிக்கு அவற்றிலிருந்துதான் எழுத வேண்டும். குடியிருப்பில் கூரை ஒழுகும் வீடுகள் இருக்கும், படத்தை வைக்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஒரு தகரப் பெட்டியும் உள்ளே போட வேப்பிலையும் கொண்டுபோங்கள், பெட்டிச் சாவி அவர்களிடமே இருக்கட்டும்.